காயலைத் தோண்டும் முன் சேற்றைப் பாருங்க

பிள்ளைகள் நீந்த ஒரு இடம் வேணும்கிறதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனா அதுக்காகக் காயலின் ஒரு மூலையை ஆழப்படுத்தலாம்னு பேசுறவங்க யாரும் அடியில் கிடக்கிற சேற்றைப் பத்தி வாயே திறக்கிறதில்லை.

அந்தச் சேற்றை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்க. மேலே மெல்லிசா பழுப்பு. கீழே கன்னங்கரேல்னு, அழுகின முட்டை நாத்தம். ஹைட்ரஜன் சல்பைடுங்கிற வாயுவோட நாத்தம் அது. காத்து படாத வரைக்கும் சேறு அது பாட்டுக்குக் கிடக்கும். வாரிக் கரையில் கொட்டினா, சில இடங்களில் அதிலுள்ள இரும்பு சல்பைடு ஆக்சிஜனோட சேர்ந்து கந்தக அமிலத்தை உண்டாக்கும். மழை பெய்ஞ்சா அது திரும்பத் தண்ணிக்கே வரும், மீன் செத்து மிதக்கும். வருஷக்கணக்கா படிஞ்ச பாஸ்பரஸ்ங்கிற உரச்சத்து கலங்கி மேலே வந்தா பாசி பெருகி, நீந்தவே லாயக்கில்லாம போகும்.

அப்புறம் கலங்கல். மணல் சீக்கிரம் படிஞ்சிடும், களிமண் நாள்கணக்கில் மிதக்கும். வெளிச்சம் கிடைக்காம கடற்புல் சாகும். பல வகை இறால் குஞ்சு வளர்றது அந்தப் புல்லுக்குள்ளதான். அடிமண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கிறதும் அதன் வேர்தான்.

தோண்டின பள்ளமும் நிலைக்காது. வண்டல் சேரும், மறுபடி தோண்டணும்.

ஏற்கெனவே ஆழமா, புல் இல்லாத மணல் தரையா ஒரு இடம் இருந்தா மிதவை மேடையும் படிக்கட்டும் போதும். தோண்டியே ஆகணும்னா முதல்ல மண் பரிசோதனை, வண்டல் பரவாம தடுக்கத் திரை, மீன் முட்டையிடும் காலத்தில் வேலை நிறுத்தம். பரிசோதனை முடிவை எல்லார் கண்ணிலும் படுற மாதிரி ஒட்டச் சொல்லி ஊர்க் கூட்டத்தில் கேளுங்க.