தாத்தா கடந்த எல்லை

இஸ்ரேல் உருவான 1948இல் ஊரிலிருந்து விரட்டப்பட்ட பாலஸ்தீனியர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்த நாட்டுக் குடிமக்கள் என்ற கேள்விக்கு, அவர்களுடைய தாத்தா எந்த எல்லையைக் கடந்தார் என்பதே பெரும்பாலும் விடையாக இருப்பது என்னை மிகவும் வருத்துகிறது. ஜோர்டான் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை வழங்கியது. சிரியா 1956இல் வேலைக்கும் கல்விக்கும் உரிமை தந்தது, குடியுரிமை தரவில்லை. லெபனானிலோ, அங்கேயே பிறந்து படித்தவர்கூட வழக்கறிஞராகவோ மருத்துவராகவோ தொழில் செய்வதற்குத் தடை இருக்கிறது. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீடோ நிலமோ வாங்கவும் இயலாது.

ஜோர்டானுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. அதை நாம் குறைவாகவே பேசுகிறோம். 1967 அரபு-இஸ்ரேல் போரை ஒட்டிக் காசாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர், ‘காசா முகாம்’ என்றே அழைக்கப்படும் ஜெராஷ் முகாமில் பிறந்து வளர்ந்தும், குடிமக்களுக்கு வழங்கப்படும் தேசிய எண் இல்லாத தற்காலிகக் கடவுச்சீட்டை மட்டுமே வைத்திருக்கிறார்கள். அது பயணத்துக்கு உதவும், குடியுரிமைக்குச் சான்றாகாது.

குடியுரிமை கொடுத்தால் தாயகம் திரும்பும் உரிமை கரைந்துவிடும் என்று லெபனானில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஜோர்டானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இளைஞர்களில் எத்தனையோ பேர், சொந்த ஊர் எது என்று கேட்டால் தாம் பார்த்தே இராத கிராமத்தின் பெயரைத்தான் இன்றும் சொல்கிறார்கள். லெபனானின் அயின் அல்-ஹில்வே முகாமில் குடியிருப்புப் பகுதிகளுக்கே, 1948இல் மக்கள் வெளியேற்றப்பட்ட கலிலேய ஊர்களான சஃப்சாஃப், சஃப்பூரியா ஆகியவற்றின் பெயர்கள் வழங்குகின்றன.