கால் இழந்த காட்டெருமை

கோத்தகிரியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு ஹட்டிக்குப் போன வாரம் போய் வந்தேன். ஹட்டி என்றால் நீலகிரியின் படகர் சமூகத்தாருடைய ஊர். அந்த ஊர்க் கால்பந்து அணிக்குப் புதிய ஜெர்சி வேண்டுமாம். திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கும் என்னிடம் அந்த வேலை வந்தது. அளவுகளையும் படத்தையும் கைப்பேசியில் அனுப்பினால் போதும், சரக்கு பஸ்ஸில் போய்விடும். ஆனால் அணியின் செயலாளர் அனுப்பிய சின்னம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பச்சை வட்டத்துக்குள் இரண்டு வெள்ளைக் கொம்புகள். வேறு ஒன்றுமில்லை.

"இது என்ன விலங்கு?" என்று கேட்டேன்.

"காட்டெருமை. பழைய படங்களெல்லாம் எங்கள் சங்கக் கட்டடத்தில் மாட்டியிருக்கிறோம். நேரில் வந்தால் காட்டுகிறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கிளம்பினேன்.

அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். அங்கிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதை. குன்னூர் பாதையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். கூட்டம் குறைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் சமவெளி கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். காலை எட்டரைக்குக் கோத்தகிரியில் இறங்கி, ஒரு கடையில் வர்க்கியும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு, செயலாளரின் ஜீப்பில் ஊருக்குப் போனேன்.

சங்கக் கட்டடம் ஒரே அறைதான். தகரக் கூரை, சிமென்ட் தரை, ஒரு கேரம் பலகை, மூலையில் கோல் கம்பத்தின் பழைய வலை. மூன்று சுவர்களிலும் குழுப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை எழுத்தில் ஆண்டு. முதல் படம் 1968. நான் சட்டைகளையே பார்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்தேன். துணிக்காரனுக்கு முகம் அப்புறம்தான். காலர், கைப்பட்டை, மடிப்பு இதெல்லாம்தான் முதலில் கண்ணில் படும்.

1968 படத்தில் பதினொருவரும் வெள்ளைச் சட்டை. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக ஒரு கறுத்த பட்டை. அது பச்சை என்று செயலாளர் சொன்னார். படகர் வீடுகளில் விசேஷ நாள் உடுப்பு வெள்ளைதான், ஆகவே வெள்ளைச் சட்டை எல்லோரிடமும் இருந்தது. பச்சைத் துணி மட்டும் வாங்கி ஊர்த் தையல்காரர் வெட்டித் தைத்துவிட்டார். இதை ஏழ்மை என்று நினைத்துவிட வேண்டாம். 1966 உலகக் கோப்பையை இங்கிலாந்து வென்ற சட்டையும் இதே போல எளிமையானதுதான்: சிவப்பு, வட்டக் கழுத்து, முழுக்கை, மார்பில் ஒரு சின்னம். பருத்தியில் அதற்கு மேல் எதையும் மலிவாகச் செய்ய முடியாத காலம் அது. பார்ப்பவர்களுக்கும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிதான். எந்த அணி கறுப்பாகத் தெரிகிறது, எந்த அணி வெளுப்பாகத் தெரிகிறது என்ற வித்தியாசம் போதும்.

வண்ணத்துக்கு மதிப்பு வந்தது 1970இல். மெக்சிகோவில் நடந்த அந்த உலகக் கோப்பைதான் வண்ணத்தில் ஒளிபரப்பான முதல் உலகக் கோப்பை. பிரேசிலின் மஞ்சள் அதில்தான் உலகத்தின் கண்ணில் ஒட்டிக்கொண்டது. அந்த மஞ்சளுக்கும் ஒரு கதை உண்டு. 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் சொந்த மண்ணில் உருகுவேயிடம் தோற்றபோது பிரேசில் வெள்ளைதான் அணிந்திருந்தது. பிறகு ஒரு நாளிதழ் போட்டி வைத்து, அல்டிர் ஷ்லே என்ற இளைஞர் வரைந்த மஞ்சள் சட்டையைத் தேர்ந்தெடுத்தது. தோல்வியில் பிறந்த நிறம்.

நம் ஊரில் வண்ண ஒளிபரப்பு 1982இல்தான் வந்தது. கபில்தேவின் அணி 1983இல் கோப்பையைத் தூக்கியது வெள்ளை உடையில். இரண்டே ஆண்டில், 1985இல், மெல்பர்னில் இளநீலமும் மஞ்சளும் அணிந்து ஆடினார்கள்.

இரண்டாவது படம் 1979. சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது. கால்சட்டை தொடைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. காலர் காக்கைச் சிறகு மாதிரி விரிந்திருக்கிறது. கைகளில் தோளிலிருந்து முழங்கை வரை மூன்று வெள்ளைக் கோடுகள். அடிடாஸின் கோடுகளை எங்கோ பத்திரிகையில் பார்த்து ரிப்பன் வாங்கித் தைத்திருக்கிறார்கள். அந்தப் பத்தாண்டில் அந்தக் கோடு போகாத இடமே இல்லை. நெதர்லாந்தின் யோஹான் கிரைஃப் பூமா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்ததால், 1974 உலகக் கோப்பையில் அவருடைய சட்டையில் மட்டும் மூன்றுக்குப் பதில் இரண்டே கோடுகள்.

படத்தை உற்றுப் பார்த்தால் இங்கும் ஒருவருக்கு இரண்டே கோடுகள். கறுப்புச் சட்டையில் நிற்கும் கோல்கீப்பர்.

"அது நான்தான். ரிப்பன் தீர்ந்துபோய்விட்டது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். எழுபதை நெருங்கும் பெரியவர், வெள்ளை வேட்டி, கம்பளிச் சட்டை. செயலாளருக்குப் பெரியப்பா முறை. கையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் செய்தித்தாளில் பொதிந்து வைத்திருந்ததை எடுத்து மேசையில் விரித்தார். பழைய சின்னம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்பளித் துணித் துண்டு, அதன்மேல் கரும்பழுப்பில் வெட்டி ஒட்டித் தைத்த காட்டெருமை. முழு விலங்கு. திமில் எழும்பி இறங்கும் வளைவு சரியாக வந்திருந்தது. கொம்பு மஞ்சள் நூல். நான்கு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை நூலில் சங்கிலித் தையல், நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. திருப்பிப் பார்த்தேன். பின்புறம் ஒரு முடிச்சுகூடத் துருத்தவில்லை. அவருடைய அக்கா தைத்ததாம்.

"காட்டெருமைக்குக் கால் வெள்ளை, தம்பி. சாக்ஸ் போட்டது போல இருக்கும். அதனால்தான் எங்கள் அணிக்கு அதை வைத்தார்கள். ஆட்டக்காரன் மாதிரி நிற்கும்" என்றார். "இப்போது என் பேரன்கள் போட்டிருக்கும் படத்தில் கால் எங்கே போயிற்று? உடம்பு எங்கே போயிற்று?"

அந்தக் கேள்விக்குப் பதில் மற்ற இரண்டு சுவர்களிலும் இருந்தது.

1997 படத்துக்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். என் தொழிலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஊதா, பச்சை கலந்த நீலம், மஞ்சள் எல்லாம் ஒரே சட்டையில். மார்புக்குக் குறுக்கே மின்னல். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டது போலத் தொளதொளப்பு. அப்போது எல்லோருக்கும் திடீரென்று ரசனை மாறிவிட்டதா? இல்லை, இயந்திரம் மாறிவிட்டது. சப்ளிமேஷன் பிரிண்டிங் என்ற முறையில் படத்தை முதலில் காகிதத்தில் அச்சிடுவோம். காகிதத்தைத் துணிமேல் வைத்து ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அழுத்தினால், சாயம் திரவமாகாமல் நேரடியாக ஆவியாகி நூலுக்குள் புகுந்துகொள்ளும். பருத்தியில் பிடிக்காது, பாலியெஸ்டரில்தான் பிடிக்கும். அது கைக்கு வந்ததும், அதுவரை வெட்டித் தைத்தால் மட்டுமே கிடைத்த வடிவங்களெல்லாம் ஒரே அழுத்தில் கிடைத்தன. எத்தனை நிறம் போட்டாலும் கூடுதல் தையல் கிடையாது. பிறகு யார் அடக்கமாக வரைவார்கள்? 1988இல் நெதர்லாந்து ஆரஞ்சுக் கட்டங்களோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றது. மேற்கு ஜெர்மனியின் மார்பில் கறுப்பும் சிவப்பும் பொன்னிறமும் ஏறி இறங்கின. அந்தச் சட்டையோடுதான் 1990 உலகக் கோப்பையை வாங்கினார்கள்.

1992 கிரிக்கெட் உலகக் கோப்பையை யார் மறந்திருப்பார்கள்? விடியற்காலையில் போர்வையோடு பார்த்த தலைமுறை நாங்கள். எல்லா அணிக்கும் ஒரே வடிவம், தோளில் வண்ணக் கோடுகள், அடிநிறம் மட்டும் வேறு. முதுகில் பெயர். நமக்குக் கருநீலம். உலகக் கோப்பையில் வண்ண உடை வந்தது அதுதான் முதல் முறை.

சின்னங்களும் அந்தப் பத்தாண்டில் கோபம் கொண்டன. கனடாவின் டொரண்டோ கூடைப்பந்து அணி 1995இல் களமிறங்கியபோது, ஊதாச் சட்டையில் பந்து தட்டியபடி வந்தது ஒரு டைனோசர். டைனோசர் படம் உலகமெங்கும் ஓடி முடித்திருந்த நேரம். இந்த ஹட்டியின் காட்டெருமையும் 1997இல் இரண்டு காலில் எழுந்து நிற்கிறது. மூக்கில் புகை, புஜத்தில் தசை, குளம்புக்கு அடியில் பந்து. வெள்ளைக் காலுறை போய்விட்டது. கோயம்புத்தூரில் யாரோ வரைந்து கொடுத்தார்களாம். காட்டெருமையைப் பார்த்த கை அல்ல அது. ஸ்பெயின் காளையைப் படத்தில் பார்த்த கை.

2008 படத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். உலோகப் பளபளப்பு, கேடயம், நிழல், வளைந்து போகும் பைப்பிங். கணினியில் நிறத்தை நிறத்தோடு குழைக்க எல்லோரும் கற்றுக்கொண்ட காலம். திரையில் மின்னிய சின்னம் எம்பிராய்டரியில் கறையாக இறங்கியிருந்தது. ஊரார் அதற்காகப் பணம் கொடுத்த இடத்தின் மேல் செயலாளருக்கு இன்னும் வருத்தம்.

கடைசியாக 2019. அந்த இரண்டு கொம்புகள். அதற்கும் காரணம் இருக்கிறது. இன்று ஒரு சின்னம் முதலில் உட்கார வேண்டிய இடம் சட்டை அல்ல, கைப்பேசித் திரையில் சுண்டைக்காய் அளவு வட்டம். அதில் கால் வரைந்தால் தெரியாது. 2017இல் இத்தாலியின் யுவென்டஸ் தன் நீள்வட்டக் கேடயத்தையும் அதற்குள் இருந்த காளையையும் எடுத்துவிட்டு, ஜே என்ற எழுத்தை மட்டும் இரண்டு கோடாக வைத்துக்கொண்டது. பெரிய சங்கம் செய்வதைச் சின்ன ஊர்கள் இரண்டு ஆண்டில் செய்துவிடுகின்றன. இதை வெறும் காப்பி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கொம்பு அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதைப் பெரிதாக்கி மார்பில் வைத்தால், எந்த மாட்டுக் கொம்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு அது போதவில்லை.

மதியம் பெரியவர் வீட்டில் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். சாப்பிடும்போது எனக்குத் தோடர்களின் பூத்துக்குளிச் சால்வை நினைவுக்கு வந்தது. ஊட்டியில் ஒரு முறை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும். கோடு போட்டுக்கொள்ளாமல், இழையை எண்ணி எண்ணித் தைப்பார்கள். இரண்டு பக்கமும் பார்க்க நன்றாக இருக்கும். இழையை எண்ணித் தைப்பதால் கோணங்களும் நேர்கோடுகளும் வருகின்றன. எங்கள் சப்ளிமேஷனால் மின்னல் வந்தது போலத்தான். கருவி எப்படியோ அப்படித்தான் வடிவம்.

நான்கு மணிக்குப் பெரியவர் கூப்பிட்டு வீட்டுப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். "சத்தம் போடாதீர்கள்" என்றார். கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஐந்து காட்டெருமைகள். பெரியது ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. கன்னங்கரிய உடம்பு. செடி மறைத்ததில் கால் தெரியவில்லை. அது பாதைக்கு இறங்கியபோது நான்கு கால்களும் தெரிந்தன. பழுப்பு ஏறிய வெள்ளை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே கோடு கிழித்தது போலத் தொடங்கியது. அக்கா தைத்திருந்த உயரமும் அதேதான்.

மாலையில் பையன்கள் பயிற்சி முடித்து வந்தார்கள். பிஸ்கட் டப்பாவை நடுவில் வைத்துப் பேசினோம். ஒரு பையன், 2020இல் ஆஸ்திரேலியா போன இந்திய அணி 1992 சட்டையின் சாயலில் அணிந்து ஆடியதைச் சொல்லி, "நாமும் பழையதுக்கே போகலாம், அண்ணா, இப்போது அதுதான் ஃபேஷன்" என்றான். உண்மைதான். பழையதைத் தேடுவதும் இந்தப் பத்தாண்டின் ஃபேஷன்தான். இன்னும் முப்பது ஆண்டு கழித்து இந்தச் சுவரைப் பார்க்கிறவன், "இது இருபதுகளில் எடுத்த படம்" என்று சட்டையை வைத்தே சொல்லிவிடுவான். சொல்லட்டும்.

வெள்ளைச் சட்டை, குறுக்கே பச்சைப் பட்டை, துணி மட்டும் பாலியெஸ்டர் என்று முடிவானது. கைப்பேசி வட்டத்துக்குக் கொம்புகளே இருக்கட்டும் என்றார்கள். மார்புக்கு முழுக் காட்டெருமை. பெரியவரிடம் கேட்டு, சின்னத்தின்மேல் பட்டர் பேப்பர் வைத்து பென்சிலால் படியெடுத்தேன். திமில் வளைவில் என் கை இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை அவர் காகிதத்தின் ஓரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

ஆர்டர் நோட்டில் கடைசி வரி காலுறைகள். 18 ஜோடி, வெள்ளை. மேல்விளிம்பில் கோடு வேண்டுமா என்று கேட்டேன். பையன்கள் மூன்று என்றார்கள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, 1979 படத்தைப் பார்த்தார். செயலாளரும் அதைக் கவனித்துவிட்டார்.

"இரண்டு போதும். எல்லோருக்கும் இரண்டு" என்றார்.

பச்சை, இரண்டு என்று எழுதிக்கொண்டேன்.