அப்பாவின் சீட்டுக்கட்டும் என் மூன்று இரவுகளும்

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: விண்டோஸ் எக்ஸ்பியில் அவர் ஆடிய அதே சாலிடேர், என் லினக்ஸ் கணினியில் வேண்டும். லினக்ஸிலேயே சீட்டாட்டங்கள் ஏராளம் என்று திறந்து காட்டினேன். ஜெயித்ததும் சீட்டுகள் திரையெங்கும் துள்ளி விழாவிட்டால் அது என்ன ஆட்டம் என்று ஒதுக்கிவிட்டார். எக்ஸ்பியின் பழைய குறுந்தகடு பரணில் கிடந்ததால், கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்தான் என்று முடிவாயிற்று.

முதல் இரவு, அதை ஓட்டும் மென்பொருளின் தேர்வுப் படலத்திலேயே கழிந்தது. விர்ச்சுவல்பாக்ஸ் பழகியதுதான், ஆனால் லினக்ஸின் மையமான கெர்னல் மாறும்போதெல்லாம், அதற்குள் செருகும் தன் மாட்யூலைப் புதிதாகக் கட்ட வேண்டும், கையொப்பமில்லாததை உள்ளே விடாத செக்யூர் பூட் இருந்தால் அதற்குக் கையொப்பமும் இட வேண்டும். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 முதல் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம் என்றாலும், அதற்கும் அதே மாட்யூல் சடங்கு உண்டு. க்னோம் பாக்ஸஸ் நம்மை அதிகம் கேட்காமல் தானே முடிவெடுக்கும். அந்தப் பொறுப்பை இவ்வீட்டில் ஏற்கெனவே அப்பா வகிக்கிறார். மெய்நிகர் இயந்திரத்தைச் செயலியின் துணையோடு வேகமாக ஓட்டும் கேவிஎம்மோ 2007-இல் வெளிவந்த 2.6.20 பதிப்பு முதலே கெர்னலுக்குள் குடியிருக்கிறது. வீட்டுப் பிள்ளை இருக்க வெளியே ஆள் தேடுவானேன் என்று அதோடு சேர்ந்து மெய்நிகர் கணினியை உருவாக்கும் க்யூஎமுவையும், அதை மேய்க்கும் விர்ட்-மேனேஜரையும் நிறுவினேன்.

இரண்டாம் இரவு, வேகத்துக்கு ஆசைப்பட்டு வட்டை, மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உள்ள விர்ட்டையோ முறையில் இணைத்தேன். அதற்கான டிரைவர் எக்ஸ்பியிடம் இல்லாததால், இந்தக் கணினியில் வன்தட்டே கிடையாது என்று அது சாதித்தது. பழைய ஐடிஇ முறைக்கு மாற்றிய பிறகே சமாதானமாயிற்று. மூன்றாம் இரவு சாலிடேர் திறந்தது, ஆனால் மவுஸ் போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்தே ஸ்பேட் ராணி பின்னால் ஊர்ந்து வந்தாள். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில், கேவிஎம்முக்கு வேண்டிய விடி-எக்ஸ் என்ற செயலி வசதியை நான் இயக்கவே இல்லை. கேவிஎம்மின் துணையின்றி க்யூஎமு தனியாளாக மூச்சிரைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

எல்லாம் சரியானதும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, கெட்டுப்போனால் இந்த நிலைக்கே திரும்பலாம் என்று அப்பாவுக்கு விளக்கியதுதான் நான் செய்த பெரும்பிழை. ஓடும் இயந்திரத்தின் நினைவகத்தையும் சேர்த்தே அது சேமிப்பதால், விரித்த சீட்டுகள் விரித்தபடியே திரும்பி வரும். இப்போது அவர் ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்பும் ஒன்று எடுத்துக்கொள்கிறார், தோற்பதே இல்லை. வட்டில் இடம் அடைபடுகிறதே என்று நேற்று களையெடுக்க உட்கார்ந்தேன். பட்டியலில் ஒன்று அம்மாவின் பெயரில் இருந்தது.

“அதை மட்டும் தொடாதே. பாதியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், வந்து ஆடுவாள்” என்றார்.