அம்மா விரல் நீட்டிய தள்ளுவண்டிகள்

ஹாங்காங் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நான்கு நாளும் அம்மா என்ன சாப்பிட வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்துகொண்டிருந்தேன். மெனுவில் படம் பார்த்து, போனில் மொழிபெயர்த்து, "இது கோழிதாம்மா, தைரியமா சாப்பிடு" என்று சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார். நாற்பத்தைந்து வருஷம் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று தீர்மானித்தவர் அவர். இப்படி நான் வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிடுவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை ஒரு உணவகத்துக்கு யம் சாவுக்கு, அதாவது தேநீரோடு சிறு பலகாரங்கள் சாப்பிட, போயிருந்தோம். மேசையில் ஒரு சீட்டும் பென்சிலும் வைத்தார்கள். வேண்டியதற்கு எதிரே டிக் அடிக்க வேண்டும். சீட்டு முழுக்கச் சீன எழுத்து. போன் காட்டிய அர்த்தங்களை நம்பி ஐந்தில் டிக் அடித்தேன், மூன்றில் பன்றி இறைச்சி இருந்தது. அம்மா மாடு, பன்றி இரண்டும் சாப்பிட மாட்டார். கொஞ்சம் வெறும் சோறும் தேநீருமாக எழுந்து வந்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கும் தஞ்சாவூர் நண்பரிடம் புலம்பினேன். "அம்மாவை சிட்டி ஹாலுக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க இன்னும் பலகாரத் தள்ளுவண்டி ஓடுது" என்றார். கூடவே ஒரு சொல்லும் சொல்லிக்கொடுத்தார்: 'ஜூ யுக்', பன்றி இறைச்சி. கேள்வி கேட்பதுபோல் இழுத்துச் சொன்னால் போதுமாம்.

துறைமுகத்தின் இக்கரையில் இருக்கும் சிம் ஷா சூயியில் ஸ்டார் ஃபெர்ரி படகில் ஏறினோம். 1898-லிருந்து இந்தப் பெயரில் ஓடுகிற கம்பெனி. மேல்தளத்தில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்குள் அக்கரை. அங்கிருந்து கொஞ்ச நடையில் சிட்டி ஹால், 1962-ல் திறந்த அரசுக் கட்டடம். போகிற வழியெல்லாம் பிலிப்பைன்ஸ் பெண்கள் அட்டை விரித்து, டிபன் டப்பாக்களைத் திறந்து, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வேலை செய்கிற அவர்களுக்கு வாரத்தில் இந்த ஒரு நாள்தான் விடுமுறை.

இரண்டாம் தளத்தில் மேக்ஸிம்ஸ் பேலஸ் உணவகம். எண் போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே நுழைந்ததும் நம் ஊர்க் கல்யாணப் பந்திச் சத்தம். பெரிய சரவிளக்குகள், ஜன்னலுக்கு வெளியே விக்டோரியா துறைமுகம். வட்ட மேசைகளில் தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தைவரை மூன்று தலைமுறை. நடுவே, ஆவி பறக்கும் மூங்கில் கூடைகளை அடுக்கிக்கொண்டு, உலோகத் தள்ளுவண்டிகள்.

யம் சா என்றால் கான்டனீஸ் மொழியில் தேநீர் குடிப்பது என்றுதான் அர்த்தம். டிம் சம் என்பது கூடவரும் சிறு பலகாரங்கள். அதனால் உட்கார்ந்ததும் முதல் கேள்வி என்ன தேநீர் என்பதுதான், அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமும் உண்டு. நாங்கள் போ லேய் சொன்னோம். புளிக்கவைத்துப் பதப்படுத்திய கறுப்புத் தேயிலை, பாலும் சர்க்கரையும் கிடையாது. பக்கத்து மேசைப் பாட்டி கிண்ணத்தையும் குச்சிகளையும் முதல் தேநீரை ஊற்றி அலசினார். அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்தார். "நம்ம வீட்டுல எலையில தண்ணி தெளிக்கிற மாதிரிதான்" என்றார்.

அப்புறம் முதல் வண்டி வந்தது. தள்ளிவந்த அம்மையார் பலகாரங்களின் பெயரை ராகம் போட்டுக் கூவினார். நான் வழக்கம்போல போனை எடுத்தேன். அதற்குள் அம்மா எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். மூடியைத் திறந்து காட்டச் சொல்லிச் சைகை செய்தார். தெருவில் காய்கறி வண்டி வந்தால் கத்திரிக்காயை எடுத்துத் திருப்பிப் பார்ப்பாரே, அதே பார்வை. ஒவ்வொரு கூடையாகத் திறந்தது. அம்மா "ஜூ யுக்?" என்றார். அந்த அம்மையார் ஆமாம் என்று தலையசைத்தால் அடுத்தது, இல்லையென்றால் மூக்கை நீட்டி வாசனை.

அப்படி அவர் எடுத்ததுதான் இறால் வைத்த சியூங் ஃபன். அரைத்த அரிசி மாவை மெல்லிய தாளாக ஆவியில் வேகவைத்து, உள்ளே இறாலை வைத்துச் சுருட்டி, மேலே இனிப்பான சோயா சாறு ஊற்றுவார்கள். "இடியாப்ப மாவுதான். பிழியாம ஊத்தியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார். முழுத் தட்டையும் அவரே சாப்பிட்டார். நான்கு நாளில் அவர் அப்படிச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கும் பன்றி தவிர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயரை மட்டும் நம்பாதீர்கள். லோ பாக் கோ என்பது முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்த பணியாரம்தான், ஆனால் வழக்கமாகச் சீனத் தொத்திறைச்சியும் உலர்ந்த இறாலும் போடுவார்கள். தாமரை இலையில் கட்டிய ஒட்டுச் சோற்றில் கோழியோடு மற்ற இறைச்சியும் இருக்கும். ஹார் காவ் என்ற இறால் கொழுக்கட்டையில் கொஞ்சம் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய முறை. நண்பர் முன்பே சொல்லியிருந்ததால் அதை அம்மா தொடவில்லை.

நான் சாப்பிட்டேன். ஹார் காவின் மேல்மாவு கோதுமையின் ஒட்டும் சத்தை நீக்கி எடுத்த மாவு, வெந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது, உள்ளே இறாலின் சிவப்பு தெரிகிறது. குறைந்தது 7 மடிப்பாவது இருக்க வேண்டும், கைதேர்ந்தவர்கள் 10-க்கு மேல் மடிப்பார்கள் என்பது கணக்கு. அம்மா என் தட்டிலிருந்த ஒன்றைக் குச்சியால் திருப்பி மடிப்புகளை எண்ணினார். பிள்ளையார் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டை பிடிப்பவருக்கு அந்த வேலையின் அருமை தெரியும். "கை பழகணும்" என்றார்.

வண்டிகள் ஹாங்காங்கில் வேகமாகக் குறைந்து வருகின்றன. பெரும்பாலான இடங்களில் சீட்டு முறை வந்துவிட்டது. சொன்ன பிறகு வேகவைத்துத் தருவதுதான் ருசி, வண்டியில் சுற்றுவது ஆறிப்போகும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஹார் காவ் விஷயத்தில் அது உண்மை, மாவு இறுகிவிடுகிறது. இருந்தாலும் நான் வண்டி பக்கம்தான். அந்த ஊர் எழுத்துத் தெரியாத ஒருவர், யார் துணையும் இல்லாமல், தன் கண்ணாலும் மூக்காலும் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க அது ஒன்றுதான் வழி.

தேநீர் தீர்ந்ததும் குடுவை மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், யாரையும் கூப்பிட வேண்டாம், வெந்நீர் வந்துவிடும். ஊற்றுகிறவருக்கு நன்றியாக விரல்களால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். சியான்லுங் என்ற பழைய சீனப் பேரரசர் மாறுவேடத்தில் போனபோது தன் பணியாளுக்குத் தேநீர் ஊற்றினாராம். விழுந்து வணங்கினால் பேரரசரின் வேஷம் கலைந்துவிடும் என்று அந்தப் பணியாள் விரல்களை மடக்கித் தட்டினார் என்பது இங்கே சொல்லப்படும் கதை. அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் ஊற்றும்போதெல்லாம் தட்டினார்.

ஒவ்வொரு தட்டுக்கும் எங்கள் அட்டையில் முத்திரை விழுந்துகொண்டே இருந்தது. பில் கேட்கலாம் என்று அட்டையைக் கையில் எடுத்தேன். அப்போது தூரத்தில் ஒரு வண்டியில் எள் ஒட்டிய பொரித்த உருண்டைகள் தெரிந்தன, நம் சுகியம் போலவே. அது எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அம்மா கையை உயர்த்தி, வீட்டு வாசலில் நின்று கூப்பிடும் அதே குரலில், "இந்தாம்மா, இங்க வந்துட்டுப் போ" என்றார்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வண்டியை எங்கள் மேசைப் பக்கம் திருப்பினார்.