பழைய இசுசு பிக்கப்புக்கு டர்போ போட்ட கதை, ஆயில் திரும்புற பைப்பை மறந்துடாதீங்க

எங்க அப்பா வாங்குன இசுசு டிஎஃப்ஆர் பிக்கப், 4ஜேஏ1 எஞ்சின், 2.5 லிட்டர் டீசல், டர்போ (எக்ஸாஸ்ட் புகையால சுத்தி எஞ்சினுக்குள்ள கூடுதல் காத்தை அமுக்குற விசிறி) கிடையாது. பினாங்குத் தீவு சுங்கை ஆராவுல இருந்து கூடாரம், நாற்காலி, மேசை வாடகைக்கு விடுறது எங்க குடும்பத் தொழில், கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவா இருந்தாலும் இந்தக் காடியிலதான் சாமான் போகும். தீவுக்குள்ள சமதரையில ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரச்சன என்னன்னா பாலிக் பூலாவ் ஆர்டர் வந்தா ஜாலான் துன் சார்டோன் மேட்டுல ஏறணும், இரும்புக் கம்பி, 80 நாற்காலி, மேல ரெண்டு ஆளுன்னு ஏத்திட்டா ரெண்டாவது கியர்ல 25க்கு மேல போகாது, டுரியான் சீசன்ல பின்னாடி வரிசையா காடி நிக்கும், கண்ணாடியில பாக்கறப்ப மனசு என்னவோ பண்ணும்.

புதுசா ஒண்ணு எடுத்துடலாம்னு மச்சான் சொன்னாரு. 2024 ஜூன் 10ல டீசல் ஒரே ராத்திரியில லிட்டர் 2.15 வெள்ளியில (ரிங்கிட்) இருந்து 3.35க்குப் போச்சு, அந்த நேரத்துல மாசத் தவணையும் சேர்த்துத் தலையில ஏத்திக்க எங்களால முடியாது. அதோட சேஸ்ல துரு இல்ல, கியர்பாக்ஸ் சத்தமில்ல, அப்பா பாத்துப் பாத்து வச்ச காடி. அதனால டர்போன்னு முடிவு பண்ணேன். மொத்தத்துல 4,300 வெள்ளி, நாலு மாசம் ஆச்சு. அதுல 700 வெள்ளியும் ஒன்றரை மாசமும் தேவையே இல்லாம போனது, அதை யாரும் திரும்பப் பண்ணக் கூடாதுன்னுதான் இவ்வளவு விலாவாரியா எழுதுறேன்.

முதல்ல எஞ்சின் தாங்குமான்னு பாக்கணும். குளோ பிளக் கழட்டிட்டு கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தோம், நாலு சிலிண்டரும் 400 பிஎஸ்ஐ சுத்தி, ஒண்ணுக்கொண்ணு பெரிய வித்தியாசம் இல்ல. எஞ்சின் ஓடறப்ப ஆயில் ஊத்துற மூடியத் திறந்து பாத்தோம், புகை குபுகுபுன்னு வரல. இந்த ரெண்டும் சரியில்லன்னா டர்போ நெனப்பையே விட்டுடுங்க, தேஞ்ச பிஸ்டன் ரிங் மேல அழுத்தம் ஏத்துனா எஞ்சின் சீக்கிரம் படுத்துடும். ரேடியேட்டரும் கழட்டி ராட் அடிச்சு சுத்தம் பண்ணேன், 20 வருஷத்துக்கு மேல உள்ள சேந்த சேறு வெளிய வந்துச்சு.

பேப்பர் வேலை பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். எஞ்சின்ல இந்த மாதிரி மாத்தம் பண்றதுன்னா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேணும், புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) சோதனை வேணும், இன்சூரன்சுக்கும் சொல்லணும். போட்டுட்டு அப்பறம் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பானட்டைத்தான் திறப்பான். டீசல் காடிக்குப் புகை அளவு 50 எச்எஸ்யு (புகை அடர்த்தி அளக்கற அலகு) தாண்டக் கூடாதுங்கறதும் ஞாபகம் இருக்கட்டும், அப்பறமா பம்ப்ல டீசல் அளவைக் கூட்டுற ஸ்குரூவைத் திருப்புறப்ப இதுதான் எல்லை.

சாமான் ஹாஃப் கட் கடையில (பாதியா வெட்டுன பழைய காடியோட சாமான் விக்கிற கடை) எடுத்தேன், பெருநிலத்துப் பக்கம். 4ஜேபி1-டி எஞ்சினோட டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, இன்ஜெக்டர் பம்ப் மூணும் சேர்த்து. மேனிஃபோல்டு கேஸ்கெட்டை எங்க எஞ்சின் மேல வச்சுப் பாத்தோம், ஓட்டையெல்லாம் ஒத்துப் போச்சு, அப்பறம்தான் காசக் கொடுத்தேன். டர்போ வாங்கறப்ப ஷாஃப்டை விரலால புடிச்சுப் பாருங்க, பக்கவாட்டுல லேசா ஆடும், அது பரவால்ல, ஏன்னா ஷாஃப்ட் ஆயில் படலத்து மேல மிதந்துதான் சுத்துது, நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல. ஆனா உள்ளயும் வெளியயும் இழுத்தா அசையக் கூடாது, பிளேடு ஓரம் கூட்டுல உரசுன தடமும் இருக்கக் கூடாது.

பம்ப் எதுக்குன்னு நெறைய பேரு கேக்கறாங்க. டீசல் எஞ்சினுக்கு காத்து எப்பவும் முழுசாத்தான் உள்ள போகும், பவரை முடிவு பண்றது எவ்வளவு டீசல் பீய்ச்சுதுங்கறதுதான். டர்போ மட்டும் போட்டு டீசலைக் கூட்டலன்னா புகை குறையும், இழுவை பெருசா கூடாது. பழைய பம்ப்லயே ஸ்குரூ திருப்பி டீசலைக் கூட்டுனா, டர்போ இன்னும் சுத்த ஆரம்பிக்காத கீழ் ஆர்பிஎம்ல டீசல் ஜாஸ்தி, காத்து கம்மி, கரும்புகை கக்கும். டர்போ எஞ்சின் பம்ப் மேல தொப்பி மாதிரி ஒண்ணு இருக்கும், டர்போ அமுக்குற காத்தோட அழுத்தம், அதாவது பூஸ்ட், அதுக்குள்ள போய் டயாஃப்ரமை அமுக்குனாத்தான் கூடுதல் டீசல் விடும். அந்தத் தொப்பிதான் புஸ்பாகோம்ல என்னைக் காப்பாத்துச்சு. பம்ப் மாத்துனா டைமிங்கை டயல் கேஜ் வச்சு பாக்கணும், காதுல கேட்டு வைக்கிற போமன் (மெக்கானிக்) கிட்ட விடாதீங்க.

வேலைய எங்க ஏரியாவுல ஒரு வெர்க்‌ஷாப்ல குடுத்தேன், மூணு நாள். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கிற இடத்துல டி போட்டு டர்போவுக்கு ஆயில் லைன் எடுத்தாங்க. திரும்பி வர்ற ஆயிலுக்கு சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி) கழட்டி, உள்ள ஆயில் நிக்கிற மட்டத்துக்கு மேல ஓட்டை போட்டு குழாய்முனைய வெல்டு பண்ணி ஒட்டுனாங்க. எக்ஸாஸ்ட் இரண்டரை இன்ச் பைப். இண்டர்கூலர் (டர்போ அமுக்குன காத்தைக் குளுரவைக்கிறது) போடல, பூஸ்டை 8 பிஎஸ்ஐயோட நிறுத்திக்கறதா இருந்தேன். ஃபேக்டரி டர்போ எஞ்சின்ல பிஸ்டனுக்கு அடியில ஆயில் பீய்ச்சிக் குளுரவைக்கிற ஜெட் இருக்கும், நம்மளுதுல இல்ல, ஆசைப்பட்டு 15, 20ன்னு போனா பிஸ்டன் உருகும். பூஸ்ட் மீட்டர் ஒண்ணு, டர்போவுக்கு முன்னாடி மேனிஃபோல்டுல எக்ஸாஸ்ட் சூடு பாக்கற இஜிடி மீட்டர் ஒண்ணு, ரெண்டும் மாட்டச் சொன்னேன். போமன் தேவையில்லன்னாரு, நான் விடல. பெட்ரோல் எஞ்சினுக்கு நேர் எதிர் இது, டீசலைக் கூட்டக் கூட்ட சூடு ஏறும், அதை மீட்டர் இல்லாம தெரிஞ்சுக்க வழியே இல்ல.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பம்ப்புல டீசலை நிறுத்துற கட்-ஆஃப் ஒயரக் கழட்டிட்டு சும்மா கிராங்க் பண்ணோம், டர்போகிட்ட ஆயில் வந்து சேர்ற வரைக்கும். காஞ்ச பேரிங்கோட சுத்த விட்டா அப்பவே போச்சு.

அன்னிக்கு சாயங்காலம் லோடு இல்லாம துன் சார்டோன் ஏறுனேன். மூணாவது கியர்ல 50. விசில் சத்தம் லேசா கேக்குது, பூஸ்ட் முள்ளு 7ல நிக்குது, பக்கத்துல அப்பா ஒண்ணும் பேசல, கியரையே பாத்துட்டு வந்தாரு, ரெண்டாவதுக்கு மாத்துவேன்னு எதிர்பாத்திருக்காரு போல, மேல போய்ச் சேர்ற வரைக்கும் நான் மாத்தவே இல்ல.

அடுத்த வாரம் லோடோட ஏறுனேன், இஜிடி 740 டிகிரி காட்டுச்சு. 700 தாண்டுனா காலை எடுத்துடணும்னு வச்சிருந்தேன், எடுத்துட்டேன். வந்து டீசல் ஸ்குரூவ அரைக்கால் சுத்து பின்னாடி திருப்புனோம், திரும்பவும் அதே லோடு, அதே மேடு, 650. இதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கப் போச்சு. அந்த ஸ்குரூ கால் சுத்துக்கு மேல ஒரே தடவையில திருப்பவே கூடாது.

ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு. அப்பறம் காலையில ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை (ஆயில் எரியுற அடையாளம்), சிக்னல்ல நின்னா நீலப் புகை, வாரத்துக்கு அரை லிட்டர் ஆயில் குறையுது. டர்போவுல இருந்து இன்டேக் போற ஹோஸைக் கழட்டுனா உள்ள ஆயில் வழியுது. போமன் பாத்துட்டு சீல் போச்சு, ஹாஃப் கட் சாமான்னா இப்படித்தான், வேற டர்போ போடணும்னாரு. நம்புனேன், 700 வெள்ளிக்கு இன்னொண்ணு வாங்கிக் கொடுத்தேன். மாட்டி நாலாவது நாளே அதே நீலப் புகை. அதுவும் போச்சுங்கறாரு, மூணாவது வாங்கச் சொல்றாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. கையில இருந்த காசு போனது ஒரு பக்கம், அப்பா நல்லா வச்சிருந்த காடிய நான் கெடுத்துட்டேனோங்கற எண்ணம் இன்னொரு பக்கம்.

மச்சான் மூலமா பட்டர்வொர்த்ல ஒரு அண்ணன் தெரிய வந்தாரு, பஸ் கம்பெனியில டீசல் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு, வீட்டு வாசல்லயே வேலை பாக்கறாரு. பிரிட்ஜ் தாண்டிப் போனேன், மெதுவா, பின்னாடி புகையோட. அவரு டர்போவத் தொடவே இல்ல. எஞ்சினை ஐடில்ல விட்டுட்டு சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டாரு, அப்பறம் என்கிட்ட கேட்டாரு,

"தம்பி, ஆயில் திரும்புற பைப்ப யாராச்சும் கழட்டிப் பாத்தீங்களா?"

"இல்லண்ணே, டர்போவத்தான் மாத்துனாங்க."

"ரெண்டு டர்போவும் ஒரே மாதிரி ஒழுகுதுன்னா கோளாறு டர்போவுல இல்லப்பா."

எஞ்சின் ஆறட்டும்னு டீ குடிச்சோம், அப்பறம் படுத்துக் கழட்டுனாரு. டர்போவுக்கு அடியில ரெண்டு போல்ட் போட்ட சின்ன ஃபிளாஞ்ச், அதைக் கையில கொடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாக்கச் சொன்னாரு. கேஸ்கெட்டுக்குப் பதிலா சிவப்பு சிலிக்கான் அள்ளித் தடவியிருக்காங்க, போல்ட் இறுக்குனதும் அது உள்பக்கமா பிதுங்கி, மாம்பழச் சதை மாதிரி வழவழன்னு தொங்குது. கட்டை விரல் போற ஓட்டையில பென்சில் போற அளவுதான் வழி. அதோட ரப்பர் ஹோஸ் எஞ்சின் மவுண்ட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல வளைஞ்சு ஒரு இடத்துல தட்டையா அமுங்கிக் கெடக்கு. முதல் டர்போவ இறக்கி ரெண்டாவத மாட்டுனப்பவும் அதே ஹோஸ், மேல இன்னும் கொஞ்சம் சிலிக்கான்.

அண்ணன் சொன்ன விளக்கம் எனக்கு இப்பவும் அப்படியே நிக்குது. டர்போவுக்கு ஆயில் போறது பம்ப் அழுத்தத்துல, ஆனா வெளிய வர்றது தன் பாரத்துல தானா விழுந்துதான், தள்ளிவிட யாரும் இல்ல. உள்ள இருக்கற சீல் ரப்பர் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிசா ஒரு இரும்பு வளையம், அது ஆயில் தேங்கி நின்னா தடுக்கறதுக்குச் செஞ்சதே இல்ல. கழுவுற தொட்டியில குழாய் திறந்திருக்கு, கீழ அடைச்சிருக்குன்னா தண்ணி மேல வழியத்தானே செய்யும், அதே கதை. எஞ்சின் மூச்சு விடுற பிரீதர் பைப் அடைச்சிருந்தாலும் இதேதான் ஆகும்னு அதையும் கழட்டி ஊதிப் பாத்தாரு, அது நல்லா இருந்துச்சு.

சிலிக்கானை பிளேடால சுரண்டி எடுத்தாரு, பேப்பர் கேஸ்கெட் வெட்டிப் போட்டாரு, உள்வட்டம் பெருசா இருக்கற ஆயில் தாங்குற ஹோஸ் ஒண்ணு, மவுண்ட்டுக்கு வெளிப்பக்கமா, டர்போவுல இருந்து சம்ப் வரைக்கும் எங்கயும் மேல ஏறாம ஒரே சரிவா. அதோட என் முதல் டர்போவ, அதாவது போச்சுன்னு சொல்லிக் கழட்டுனதை, கொண்டு வரச் சொல்லிப் பாத்தாரு. ஷாஃப்ட் நல்லா இருக்கு, கழுவிட்டு அதையே மாட்டிட்டாரு. கூலி 150 வெள்ளி கேட்டாரு, நான் 200 கொடுத்தேன், வாங்கவே மாட்டேன்னாரு, சட்டைப் பையில வச்சிட்டு வந்தேன்.

எக்ஸாஸ்ட் பைப்ல ஏற்கனவே இறங்கியிருந்த ஆயில் எரிஞ்சு தீர ரெண்டு நாள் ஆச்சு, அந்த ரெண்டு நாளும் புகை வந்துச்சு, பயந்துடாதீங்க. மூணாவது நாள் சுத்தம். புஸ்பாகோம்ல புகை சோதனையும் பாஸ்.

இப்ப 15டபிள்யூ-40 டீசல் ஆயில், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்துறேன், முன்ன 7,000 வரைக்கும் விடுவோம். மேடு ஏறிட்டு வந்து நிறுத்துனா ரெண்டு நிமிஷம் ஐடில்ல விட்டுத்தான் சாவியத் திருப்புறது, இல்லன்னா சூட்டுல ஆயில் கருகி பேரிங்ல ஒட்டிக்கும். டீசல் செலவு பெருசா குறைஞ்சிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் போனது பத்து போகுது, அதுவும் மேட்டுல ஆக்சிலேட்டரை அடியோட மிதிக்காததுனாலதான்.

2025 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில தண்ணீர்ப் பந்தல் போடறவங்களுக்கு சாமான் இறக்க நாலு நடை போச்சு, அடுத்த வாரமே பாலிக் பூலாவ்ல ஒரு கல்யாணம், 80 நாற்காலி, கம்பி, ஆளு எல்லாம் ஏத்தி துன் சார்டோன்ல மூணாவது கியர், 45, இஜிடி 640. ஒவ்வொரு ஆயில் மாத்துறப்பவும் அந்த ஹோஸைக் கையால ஒரு தடவ அமுக்கிப் பாக்கறேன். ரெண்டாவதா வாங்குன டர்போ துணியில சுத்தி ஸ்டோர்ல இருக்கு, 4ஜேஏ1 வச்சிருக்கறவங்க யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க, வாங்குன விலையில பாதிக்குத் தர்றேன், கூடவே பேப்பர் கேஸ்கெட்டும் வெட்டித் தர்றேன்.