ஓகஸ்ட் உச்சத்தில் பிடிபட்ட எட்டு நிமிடம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கூரையிலுள்ள சூரிய மின்தொகுதியின் உற்பத்தியை ஐந்து நிமிட இடைவெளியில் கணித்துக் காட்டும் எனது மாதிரியுரு, காலையில் அளவீட்டைவிட உயர்ந்தும் மாலையில் தாழ்ந்துமே நிற்பேன் என்று மாதக்கணக்கில் அடம்பிடித்து வந்தது. 2025 ஓகஸ்ட் 28 ஆம் திகதி கிடைத்த முகிலற்ற நண்பகலோடு அது வழிக்கு வந்துவிட்டதால், இந்தக் கட்டத்தை எழுதி வைக்கிறேன்.

தொகுதி எளிமையானது. ஓட்டுக்கூரையின் இரு சரிவுகளிலும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு பனல்கள், சரிவு 25 பாகை, ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு, இரண்டு எம்பிபிடி (பனல்களிலிருந்து உச்ச வலுவைப் பெறும் உள்ளீடு) உள்ள 5 கிலோவாற்று இன்வேட்டர். கணிப்பு முழுவதும் பைதனில், பிவிலிப் என்ற சூரியமின் கணிப்பு நிரல் நூலகத்தைக் கொண்டு நடக்கிறது. முகிலற்ற நாட்களின் வெயிலுக்கு இனைக்கன் மாதிரியுரு, ஏனைய நாட்களுக்கு ஈஆர்ஏ5 என்ற உலகளாவிய வானிலைத் தரவு, அந்த வெயிலைப் பனலின் சாய்தளத்துக்கு மாற்ற ஹே-டேவிஸ், பனலின் வெப்பநிலைக்கு ஃபைமன். இவற்றை இங்கே விளக்கப் போவதில்லை.

காலை வழு ஒன்று தென்பட்டவுடன் பலரும் செய்வது இழப்பு வீதத்தைத் திருகுவதுதான். பிவிவாட்ஸ் என்ற சூரியமின் கணிப்பான் இயல்பாகத் தரும் 14 சதவீத இழப்பு, தூசுக்கு 2, நிழலுக்கு 3, பனல்களுக்கிடையிலான பொருந்தாமைக்கு 2, கம்பிகளுக்கு 2 என்று சின்னச் சின்னக் கழிவுகளைப் பெருக்கி எடுத்த எண். காரணம் தெரியாத எல்லாவற்றையும் போட்டு மூடிவைக்கும் பெட்டகம்போல அதனைப் பயன்படுத்துவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. காலையையும் மாலையையும் ஒரே அளவாகக் குறைக்கும் எண்ணொன்றால், காலையில் மிகையாகவும் மாலையில் குறையாகவும் தோன்றும் வழுவைத் தீர்க்கவே முடியாது. இடமும் வலமும் சமச்சீரற்ற வழுவைக் கண்டால் முதலில் நேரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும், அதன் பின்னர் கூரையின் திசையை.

நேரத்தில் நமது நாட்டுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. ஈஆர்ஏ5 தரும் கதிர்வீச்சு, குறித்த நேரத்தில் முடிவடையும் ஒரு மணித்தியாலத்தின் திரட்சி. சர்வதேச நேரம் 02:00 என்று குறியிட்ட எண், நமது நேரத்தில் காலை 6:30 முதல் 7:30 வரையான வெயிலைச் சொல்கிறது. அதன் நடுப்புள்ளி 7 மணி, குறியோ 7:30. ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் 7 மணிக்குச் சூரியனின் உயரம் ஏறத்தாழ 14 பாகை, 7:30 க்கு 21 பாகை. நேர்க்கதிரின் கிடைக்கூறை (கிடைத்தளத்தில் விழும் பங்கை) உயரத்தின் சைனால் பிரித்தே உண்மையான நேர்க்கதிரைப் பெறுகிறோம் என்பதால், குறியின் நேரத்தில் சூரியனை வைத்துக் கணித்தால் விடை மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும்; மாலையில் இதே பிசகு எதிர்த்திசையில் ஊதிப்பெருக்கும். நேர வலயம் ஐந்தரை மணித்தியாலமாக இருப்பதால் இந்த அரைமணி, வலயத்தின் அரைமணியோடு சேர்ந்து ஆள்மாறாட்டம் செய்யும்: வலயத்தை ஐந்து என்று முழுமையாக்கிவிட்ட ஒரு நிரல், தற்செயலாகச் சரியான விடையைத் தரக்கூடும். அப்படிச் சரியாக வந்த நிரலைத் திருத்தினால் பிழையாகும், திருத்தாமல் விட்டால் வேறொரு தரவோடு பிழையாகும்.

பழைய ஆண்டுகளின் தரவை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கை 1996 இல் கடிகாரத்தை முன்தள்ளி, முதலில் ஆறரை மணித்தியாலத்துக்கும் பின்னர் ஆறு மணித்தியாலத்துக்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. நிரலில் ‘ஏசியா/கொழும்பு’ என்று வலயத்தைக் கொடுத்தால் அது இந்த வரலாற்றை எல்லாம் விசுவாசமாக நினைவில் வைத்திருக்கும். சூரியனின் நிலை அதனால் பாதிக்கப்படாது. ஆனால் 2005 முதல் உள்ள தரவை உள்ளூர் மணிவாரியாகத் தொகுத்துச் சராசரி எடுக்கும்போது, முதல் பதினைந்து மாதங்களின் வெயில் அடுத்த மணித்தியாலத்தின் கணக்கில் போய் விழும். ஆகவே வலயப் பெயரைத் தவிர்த்து, 330 நிமிடம் என்ற நிலையான இடைவெளியைக் கொடுப்பதே என் வழக்கம்.

இவை எல்லாம் ஒழுங்கான பின்னரும் காலை வழு மிஞ்சியது. முகிலற்ற நாட்களில் ஈஆர்ஏ5 வருவதே இல்லை என்பதால் சந்தேகம் இரண்டே இடங்களில் ஒதுங்கியது: இன்வேட்டரின் சொந்தக் கடிகாரம் அல்லது கூரையின் திசை. இரண்டும் ஏறத்தாழ ஒரே விதமான வழுவைத் தருகின்றன. கைபேசியின் திசைகாட்டியைத் தகரப் பீலியும் இரும்புச் சட்டமும் உள்ள கூரையில் நம்புவதற்கில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு யாழ்ப்பாணத்தின் அகலாங்குதான் கைகொடுத்தது.

ஒரே சரிவுள்ள கிழக்குச் சரமும் மேற்குச் சரமும் (ஒரு பக்கத்துப் பனல்கள் ஆறும் சேர்ந்த தொடரே சரம்) சமமான மின்னோட்டத்தைத் தரும் கணம் நாளுக்கு ஒருமுறை வரும். கூரை மிகச் சரியாகக் கிழக்கு மேற்காக இருந்தால் அக்கணம் சூரியனின் நண்பகல். கூரை திரும்பியிருந்தால் அது முந்தும் அல்லது பிந்தும். ஆனால் சூரியன் உச்சங்கொடுக்கும் நாளில் நண்பகலில் அது நேர் தலைக்கு மேல் நிற்பதால், கூரை எந்தத் திசைக்குத் திரும்பியிருந்தாலும் இரு சரிவுகளுக்கும் படுகோணம் அதே 25 பாகைதான். அன்று இரு வரைபுகளும் வெட்டும் புள்ளி, கூரையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தைப் பற்றி மட்டும் சொல்லும். யாழ்ப்பாணத்தின் அகலாங்கு 9.66 பாகை என்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலுமாக இந்த வாய்ப்பு ஆண்டுக்கு இருமுறை கிடைக்கிறது. ஐரோப்பாவில் இருந்துகொண்டு மாதிரியுருச் செய்பவர்களுக்கு இது ஒருபோதும் வாய்க்காது என்பதில் எனக்குச் சிறிது பெருமைதான்.

வெட்டுப்புள்ளியை ஏனோதானோ என்று எடுக்க முடியாது. அன்றைய நண்பகலை ஒட்டி இரு சரங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஐந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே மாறுகிறது. ஒரு சரத்தில் 2 சதவீதம் கூடுதலான தூசு படிந்திருந்தாலே வெட்டுப்புள்ளி ஐந்து நிமிடம் நகர்ந்துவிடும். எனவே முதல் நாள் மாலை இரு சரங்களையும் நன்னீரால் கழுவினேன். எங்கள் கிணற்று நீரின் சுண்ணாம்பு கண்ணாடியில் வெள்ளைத் திட்டாகப் படியும் என்பதால் அதனைத் தொடவில்லை. பனல்களுக்குள்ளேயே இருக்கும் சிறு வேறுபாட்டைக் கண்டறிய, கடந்த நவெம்பர் மாரியில் வானம் முழுவதும் கறுத்துக் கிடந்த நாளொன்றின் பதிவை எடுத்தேன். தடித்த முகிலின் கீழ் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் ஏறத்தாழச் சமமாக வருவதால், அன்று இரு சரங்களின் மின்னோட்ட விகிதம் சாதனங்களின் விகிதமேயன்றி வேறில்லை. மேற்குச் சரம் கிழக்கைவிட ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைந்த அளவில் பின்தங்கியிருந்தது. இந்த ஒப்பீட்டில் வாற்றைப் பயன்படுத்தவே கூடாது. பனல் சூடேறினால் வோல்ற்றளவும் அதனோடு வலுவும் பாகைக்கு 0.35 சதவீதம் அளவில் இறங்கும், மின்னோட்டமோ வெப்பநிலையை அநேகமாகக் கண்டுகொள்வதில்லை.

ஓகஸ்ட் 28 இன் நண்பகலை ஒட்டிய ஒருமணி நேரத்துப் புள்ளிகளினூடாக நேர்கோடு பொருத்தியபோது, இன்வேட்டரின் கடிகாரப்படி வெட்டுப்புள்ளி 12:19 இல் விழுந்தது. நமது நியம நேரம் 82.5 பாகை நெட்டாங்குக்கு உரியது, யாழ்ப்பாணம் 80.02 இல் இருப்பதால் பத்து நிமிடம் பிந்த வேண்டும், நேரச் சமன்பாடு (சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் இடையில் ஆண்டினூடாக மாறிவரும் வேறுபாடு) அந்தத் திகதிக்கு மேலும் ஒரு நிமிடம் சேர்க்கிறது. ஆக 12:11 தான் வரவேண்டும். இன்வேட்டர் எட்டு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருக்கிறது.

கடிகாரம் தெரிந்துவிட்டால் கூரை தானாகவே வெளிப்படுகிறது. கடந்த டிசெம்பர் சங்கிராந்தியை ஒட்டி முகில் விலகிய நாளில் வெட்டுப்புள்ளி 12:35. எட்டு நிமிடத்தைக் கழித்தால் 12:27, உண்மையான நண்பகலோ 12:08. பத்தொன்பது நிமிடப் பிந்தலுக்குக் கூரை எட்டுப் பாகை திரும்பியிருக்க வேண்டும், அதாவது கிழக்குச் சரிவு 98 பாகையைப் பார்க்கிறது. செய்மதிப் படத்தில் கூரையின் முகட்டை அளந்தாலும் அதே எண் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், ஜூன் மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் இதே திருப்பம் வெட்டுப்புள்ளியை எட்டு நிமிடம் முந்தச் செய்கிறது. முந்தி ஓடும் கடிகாரம் அதனை அப்படியே ஈடுசெய்துவிடுகிறது. ஜூன் தரவை மட்டும் கையில் வைத்திருப்பவர், கடிகாரமும் சரி, கூரையும் சரி என்று சத்தியமே செய்வார்.

இதனை ஏப்ரலிலேயே முடித்திருக்கலாம். ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்து வலையமைப்பின் சமநிலை கெடும் என்பதால், கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு நாடு முழுவதற்கும் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சங்கொடுப்பதும் அதே நாட்களில்தான். நிறுத்திவைக்கப்பட்ட இன்வேட்டர் வரைபில் நேர்கோட்டைத் தவிர வேறெதையும் காட்டாது. சாதாரண நாட்களிலும் நண்பகலில் மின்வழியின் வோல்ற்றளவு 230 இன் 6 சதவீத எல்லையை நெருங்கும்போது இன்வேட்டர் கழன்று மீள இணைவதுண்டு. அந்தப் புள்ளிகளை வோல்ற்றளவுப் பதிவைக் கொண்டு நீக்காமல் மாதிரியுருவைப் பொருத்துவது வீண்வேலை.

இப்போது முகிலற்ற நாட்களில் காலையும் மாலையும் ஒட்டுகின்றன. முகில் நாட்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஈஆர்ஏ5 இன் சதுரம் ஒன்று ஏறத்தாழ 28 கிலோமீற்றர் அகலமானது. குடாநாட்டின் மேல் அதை வைத்தால் பாக்கு நீரிணையும் கடல்நீரேரியும் உள்ளே வந்துவிடும், எங்கள் ஊருக்கு மேல் பிற்பகலில் திரளும் முகில் அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகும். இது நிரலால் தீரக்கூடிய பிரச்சினை இல்லை, உள்ளூர்க் கதிர்வீச்சுமானி ஒன்றே வேண்டும். அதன் விலை இந்தப் பொழுதுபோக்குக்கு அடங்காததால், 10 வாற்றுச் சிறு பனல் ஒன்றைக் குறுஞ்சுற்றாக்கி அதன் மின்னோட்டத்தை அளக்கப் போகிறேன். பனல் நகரத்துக் கடையில் உடனே கிடைத்தது. மின்னோட்டத்தை அளக்கும் சண்ட் தடையைத்தான் எந்தக் கடையிலும் ‘அது அம்பியர் மீற்றரோடுதான் வரும்’ என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து அஞ்சலில் எடுப்பிக்கிறேன். அதே பொதியில் பனலின் முதுகில் ஒட்டுவதற்கு டிஎஸ்18பி20 வெப்பவுணரிகளும் வருகின்றன. போலிகள் மலிந்த சாமான் என்பதால், வந்ததும் உருகும் பனிக்கட்டியில் வைத்துச் சுழியம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டே கூரையில் ஏற்றுவேன்.

வெப்பவுணரி வேண்டியிருப்பதற்கு ஃபைமன் மாதிரியுருவே காரணம். அதன் இயல்பான கெழுக்கள், காற்றில்லாதபோதுள்ள குளிர்ச்சிக்கு 25 உம் காற்றின் வேகத்துக்கு 6.84 உம்; காற்று வினாடிக்கு 2 மீற்றர், வெளிவெப்பநிலை 32, முழு வெயில் என்றால் பனல் 58 பாகை என்று சொல்லும். ஓட்டுக்கு மேல் நான்கு விரல் இடைவெளியில் கிடக்கும் பனலுக்கு இது மிகவும் தாராளமான குளிர்ச்சி. சோளகக் காற்று வீசும் ஜூலையில் கணிப்பு ஓரளவு ஒட்டுகிறது, காற்று அடங்கிக் கிடக்கும் ஏப்ரலில் அளவீடு கீழே போகிறது. எனவே காற்றோடு சேர்ந்த கெழுவைவிட முதற்கெழுவைத்தான் குறைக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னர், மாரி தொடங்குவதற்குள், தூசியை அளந்துவிட வேண்டும். பிவிலிப்பிலுள்ள கிம்பர் மாதிரியுரு, மழையில்லாத நாளொன்றுக்கு 0.15 சதவீத இழப்பு என்றும், 6 மில்லிமீற்றர் மழை பெய்தால் பனல் கழுவப்பட்டுவிடும் என்றும் எடுத்துக்கொள்கிறது. வலிகாமத்துச் செம்மண் புழுதிக்கு அந்த எண் பொருந்துமா என்று பார்க்க, இனிக் கிழக்குச் சரத்தை மட்டும் கிழமைக்கு ஒருமுறை கழுவி, மேற்கை அப்படியே விட்டு, இரண்டின் மின்னோட்ட விகிதத்தை முதல் மழை வரைக்கும் பதிந்து வரப்போகிறேன்.