பாய்ப்படகை ரோட்டால் இழுக்கிறவர்களுக்கு

போன கிழமை முல்லைத்தீவில் இருந்து பூநகரிக்கு எங்கள் சின்னப் பாய்ப்படகை ட்ரெய்லரில் கொண்டுபோனோம். பாய்மரத்தைச் சாய்த்துப் படகின் மேல் கிடத்தினால் அதன் நுனி பின்பக்கத்தால் நீட்டிக்கொண்டு நிற்கும், அந்த நுனியில்தான் காற்றுத்திசை காட்டி, நங்கூர விளக்கு, விஎச்எஃப் ரேடியோ அன்ரனா, பாய்க்கயிறு ஓடும் கப்பி எல்லாம் இருக்கின்றன. முதல் தடவை கொண்டுபோனபோது அப்படியே விட்டுவிட்டோம், பரந்தன் வருவதற்குள் காற்றுத்திசை காட்டி முறிந்து எங்கேயோ விழுந்துவிட்டது. மனம் விட்டுப்போனது.

இந்த முறை காற்றுத்திசை காட்டியையும் அன்ரனாவையும் கழற்றித் துணியில் சுற்றி வாகனத்துக்குள்ளேயே வைத்தோம். வயர் நுனிக்குள் புழுதி போகாமல் பொலித்தீன் கட்டினோம். விளக்குக்கும் கப்பிக்கும் பழைய மெத்தை ஸ்பொஞ்சைச் சுற்றி, மேலே ஒரு வெறும் பெயின்ற் வாளியைக் கவிழ்த்துக் கட்டியாயிற்று. டேப்பை நேரே விளக்கில் ஒட்டாதீர்கள், வெயிலில் பசை இளகிப் பிடித்தால் பிறகு உரிக்கவே ஏலாது.

நுனிக்குக் கிட்ட ஒரு முட்டும் கொடுங்கள், குழிகளில் குலுங்கும்போது அதுதான் காப்பாற்றும்.

நுனியில் சிவப்புத் துணி கட்டாயம். வட்டுவாகல் பாலத்தில் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த தம்பி அதைக் கண்டுதான் பிரேக் பிடித்தார்.